மூட்டுக் குருத்தெலும்பின் அழிவும் செய்திப் புரதங்களும்

அச்சுக்கு மை இடாத வண்டியின் சக்கரம் தேய்வது போலவே மனிதனின் மூட்டும் வயது ஏற ஏறத் தேய்ந்து போகிறது என்பது மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் எண்ணமாகும். முதியோரின் முழங்கால் வலிக்கு இவ்வுவமை ஓரளவு பொருந்தவுங்கூடும். ஆயின், முப்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தியின் விரல் மூட்டுகள் இரு கைகளிலும் ஒருங்கே வீங்கி, சில ஆண்டுகளுக்குள் கோணிவிடுகின்றனவே, அதற்கு இவ்வுவமை விடையாகாது. அத்துணை விரைவில் தேயும்படியாக அவ்விரல்கள் எந்தக் கடின வேலையையும் செய்துவிடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே அம்மியில் அரைத்தவள்தான். அதே கிணற்றில் நீர் இறைத்தவள்தான்.

முடக்குவாதம் என்று நாட்டில் வழங்கும் ருமட்டாய்டு மூட்டழற்சியே இங்குக் குறிப்பிடப்படும் நோய். தில்லியை அடுத்த கிராமப்புறத்தில் வயது வந்தோரிடையே நடத்தப்பெற்று 1993-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கணக்கெடுப்பு, நூற்றுக்கு 0.75 பேருக்கு, அதாவது ஆயிரவரில் ஏழெட்டுப் பேருக்கு, இந்நோய் இருக்கக் கண்டது. பெண்களே மிகுதியாக இதற்கு ஆளாகின்றனர். ஓர் ஊழியரின் பொறுப்பில் ஐயாயிரம் பேர் கொண்ட பகுதி இருக்குமாயின், அங்கு இந்நோயாளிகள் சிலரேனும் இருந்தே தீருவர் எனக் கொள்ளலாம்.

இம்மூட்டுகளில் நிகழ்வது தேய்வன்று, கலைப்பு வேலை. கட்டிய கொத்தனே, எங்கிருந்தோ வந்த உத்தரவைக் கேட்டுத் தான் கட்டிய சுவரைக் கல் கல்லாகப் பெயர்த்தெடுப்பதற்கு அது ஒப்பாகும். அவ்வுத்தரவுகளைச் சுமந்து செல்பவை சைட்டோகைன்கள் எனப்படும் சிறு புரதங்கள். அவற்றுள் எது தலைமை, எது துணை, ஒன்றை மட்டும் தடுத்தால் மற்றவை ஓயுமா என்னும் வினாக்களுக்கு விடை காணப் பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட ஆராய்ச்சி தேவைப்பட்டது.

குருத்தெலும்பின் அமைப்பு

எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பு பார்வைக்கு வழவழப்பான வெண்ணிறப் பூச்சுப் போலத் தோன்றும். அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீரே. அந்நீரைப் பிடித்து வைத்திருப்பது அக்ரிகன் என்னும் பெரும் மூலக்கூறு. பாட்டில் கழுவும் தூரிகையைப் போல நாற்புறமும் கிளைகளை நீட்டிக்கொண்டு, அக்கிளைகளிலுள்ள எதிர்மின்னேற்றங்களால் அது நீரை ஈர்த்து உப்புகிறது. அளவின்றி உப்பிவிடாதபடி அதனை இறுக்கிக் கட்டியிருப்பவை கொலாஜன் இழைகள். மெத்தையில் திணித்த பஞ்சு அக்ரிகன் எனில், அதனை அடக்கி நிற்கும் உறையும் தையலும் கொலாஜன் எனலாம். உடலின் பளு அழுத்தும்போது நீர் சிறிது வெளியேறுவதும், பளு நீங்கியதும் மீண்டும் உட்புகுவதுமே மூட்டின் மெத்தென்ற தன்மைக்குக் காரணம்.

இவையனைத்தையும் உண்டாக்கிப் பேணுபவை குருத்தெலும்பினுள் ஆங்காங்கே தனித்தனியே அடைபட்டுக் கிடக்கும் உயிரணுக்கள். திசுவின் கன அளவில் இவை மிகச் சிறு பங்கே. அங்கு இரத்தக் குழாய்கள் இல்லை; நரம்புகளும் இல்லை. நரம்பில்லாத காரணத்தால் குருத்தெலும்பு கரையும்போது அதுவே வலியை அறிவிப்பதில்லை. நோயாளி உணரும் வலி மூட்டின் உள்சவ்விலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் எழுவதாகும். ஆதலால் வலியின் அளவைக் கொண்டு அழிவின் அளவை மதிப்பிடுதல் தவறாக முடியும்.

கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சி

முடக்குவாதத்தில் மூட்டின் உள்சவ்வு தடித்து வளர்ந்து குருத்தெலும்பின் மேல் படர்கிறது. எனவே அச்சவ்வே என்ஸைம்களைச் சுரந்து குருத்தெலும்பை அரித்துத் தின்கிறது என்று கருதப்பட்டு வந்தது. இது முற்றும் பொய்யன்று. ஆயினும் கதையின் பெரும்பகுதி வேறிடத்தில் இருந்தது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆராய்ச்சிக்கூடத்தை 1929-ஆம் ஆண்டு முதல் 1970-ஆம் ஆண்டு வரை தலைமையேற்று நடத்திய ஹானர் ஃபெல் அம்மையார், திசுக்களை உடலுக்கு வெளியே கண்ணாடிக் கலங்களில் உயிருடன் வளர்க்கும் கலையில் தலைசிறந்தவர். ஓய்வுபெற்ற பின்னரும் ஆராய்ச்சியை விட்டாரில்லை. 1977-ஆம் ஆண்டில் அவரும் ஜப் என்பவரும் வெளியிட்ட சோதனை எளிமையானது. அதனாலேயே ஐயத்திற்கு இடந்தராதது. பன்றியின் மூட்டிலிருந்து எடுத்த உள்சவ்வையும் குருத்தெலும்பையும் ஒரே கலத்தில் வளர்த்தனர். சில கலங்களில் குருத்தெலும்பு உயிருள்ளதாகவும், சிலவற்றில் முன்னதாகவே கொல்லப்பட்டதாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடும்படி வைத்தபோது உயிரற்ற குருத்தெலும்பும் அரிக்கப்பட்டது. தொடாதபடி இடைவெளி விட்டு வைத்தபோதோ உயிருள்ள குருத்தெலும்பு மட்டுமே தன் பொருளை இழந்தது. உயிரற்றது அப்படியே இருந்தது.

இதன் பொருளை வாசகர் உய்த்துணரலாம். சவ்விலிருந்து வளர்ப்பு நீரின் வழியே சென்ற ஏதோ ஒரு பொருள் குருத்தெலும்பைத் தானே கரைக்கவில்லை. குருத்தெலும்பினுள் இருக்கும் உயிரணுக்களுக்கு அது ஓர் ஆணையிட்டது. கரைக்கும் வேலையைச் செய்தவை அவ்வுயிரணுக்களே. பிணத்திற்கு ஆணையிட இயலாதன்றோ?

அப்பொருளுக்குக் கேட்டபோலின் என்ற பெயரை டிங்கிள், சக்லத்வாலா முதலியோர் 1979-ஆம் ஆண்டில் இட்டனர். அதே காலத்தில் காய்ச்சலை உண்டாக்கும் பொருளை வேறு சிலரும், வெள்ளணுக்களைப் பெருகத் தூண்டும் பொருளை மற்றும் சிலரும், சவ்வணுக்களைக் கொலாஜனேஸ் சுரக்கச் செய்யும் பொருளைப் பாஸ்டன் நகரில் டாயேரும் கிரேனும் தேடிக்கொண்டிருந்தனர். ஒவ்வொரு கூடமும் தன் பொருளுக்குத் தனிப் பெயர் சூட்டியிருந்தது. நான்கு வாயில்களின் வழியே நுழைந்தவர்கள் உள்ளே கண்டது ஒரே ஆளைத்தான். அது இன்டர்லூக்கின்-1 எனப் பின்னர் தெளிவாயிற்று. 1985-ஆம் ஆண்டில் கேட்டபோலினும் அதுவே என மெய்ப்பிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே சக்லத்வாலா மற்றொரு புரதமும் இதே தொழிலைச் செய்வதைக் காட்டினார். அது டி.என்.எஃப். எனப்படும் கட்டி நலிவுக் காரணி. சுண்டெலிகளின் புற்றுக்கட்டியை அழிக்கக் கண்டு 1975-ஆம் ஆண்டில் அவ்வாறு பெயரிடப்பட்ட புரதம் அது. இன்று அது புற்றுநோயைவிட மூட்டுநோயில் மிகுதியாகப் பேசப்படுவது பெயரிட்டோர் எதிர்பாராதது. டி.என்.எஃப். குருத்தெலும்பின் அக்ரிகனைச் சிதைவிப்பதோடு, புதிய அக்ரிகன் உண்டாவதையும் தடுக்கிறது. கடனும் ஏறி, வருமானமும் நின்றுபோன குடும்பத்தின் நிலை எதுவோ அதுவே அப்போது குருத்தெலும்பின் நிலையாகும்.

தலைமை யாருடையது?

1980-களின் இறுதியில் முடக்குவாத நோயாளியின் மூட்டிலிருந்து எடுத்த சவ்வில் இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 எனப் பல செய்திப் புரதங்கள் ஒருங்கே காணப்பட்டன. இத்தனை வாய்கள் ஒரே உத்தரவைக் கூவும்போது ஒரு வாயை மட்டும் பொத்துவதால் பயன் யாது என்று பலர் ஐயுற்றனர். ஐயம் நியாயமானதே.

லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகிய இருவரின் குழுவினர் அந்த ஐயத்தைச் சோதனைக்கு உட்படுத்தினர். நோயாளிகளின் மூட்டுச் சவ்விலிருந்து பிரித்த உயிரணுக்களைக் கலத்தில் வளர்த்து, அவற்றில் டி.என்.எஃபை மட்டும் பற்றிச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருளைச் சேர்த்தனர். சில நாட்களில் இன்டர்லூக்கின்-1 உண்டாவதும் வெகுவாகக் குறைந்துவிட்டது. 1989-ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, செய்திப் புரதங்கள் சந்தைக் கூட்டம்போல் அவரவர் போக்கில் கூவுபவையல்ல, அவற்றிடையே மேலிருந்து கீழ்நோக்கிய ஒழுங்கு உண்டு என்பதை உணர்த்தியது. டி.என்.எஃப். வாய் திறந்தால் இன்டர்லூக்கின்-1 எதிரொலிக்கிறது. அவை இரண்டும் சேர்ந்து இன்டர்லூக்கின்-6 முதலியவற்றை எழுப்புகின்றன.

கிரேக்க நாட்டில் கொலியாஸ் குழுவினர் மனித டி.என்.எஃபை மிகுதியாகச் சுரக்குமாறு மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளை உண்டாக்கினர். 1991-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சியில், எலிகளுக்குத் தாமாகவே மூட்டழற்சி தோன்றியது. இதனினும் வியப்பூட்டுவது 2007-ஆம் ஆண்டில் வெளியான ஆஸ்திரிய ஆராய்ச்சி. இத்தகைய எலிகளிலிருந்து இன்டர்லூக்கின்-1-ஐ மட்டும் நீக்கியபோது, மூட்டின் வீக்கம் பெரும்பாலும் நீடித்தது. ஆனால் குருத்தெலும்பு காப்பாற்றப்பட்டது. வீக்கத்தை மூட்டுவது ஒரு கை, குருத்தெலும்பைக் கலைப்பது மற்றொரு கை என்பது இதனால் புலனாகும். வீக்கமும் அழிவும் ஒரே நிகழ்ச்சியின் இரு பெயர்கள் என்று கருதிவிடலாகாது.

உடலிடத்தில் இதற்குக் கடிவாளங்கள் இல்லாமலில்லை. இன்டர்லூக்கின்-1 சென்று பற்றும் ஏற்பியைத் தானே முன்சென்று அடைத்துக்கொள்ளும் போலிப் புரதமொன்றை உடலே சுரக்கிறது. எனினும், ஓர் உயிரணுவின் ஏற்பிகளுள் சிலவற்றை மட்டும் இன்டர்லூக்கின்-1 பற்றினாலே உத்தரவு நிறைவேறிவிடும். ஆதலால் போலிப் புரதம் பன்மடங்கு மிகுந்திருந்தாலன்றித் தடுக்க இயலாது. நோயுற்ற மூட்டில் அது உண்டு, போதிய அளவில் இல்லை.

ஒன்றும் ஒன்றும் இரண்டல்ல

செய்திப் புரதங்கள் ஒன்றையொன்று எழுப்புவதோடு நில்லாமல், ஒன்றின் வலிமையை மற்றொன்று பெருக்கவும் செய்கின்றன. டி.என்.எஃபும் இன்டர்லூக்கின்-1-உம் உயிரணுவின் மேற்பரப்பில் வெவ்வேறு வாயில்களைத் தட்டினாலும் உள்ளே சென்றதும் பெரும்பாலும் ஒரே தாழ்வாரத்தின் வழியே கருவை அடைகின்றன. இன்டர்லூக்கின்-6-உம் அதன் உறவினதாகிய ஆன்கோஸ்டாட்டின்-எம் என்பதும் செல்லும் தாழ்வாரம் வேறு. இரு தாழ்வாரங்களின் வழியேயும் ஒரே நேரத்தில் ஆணை வந்து சேருமாயின், கொலாஜனை வெட்டும் என்ஸைம்களின் மரபணுக்கள் மிகக் கடுமையாக முடுக்கப்படுகின்றன. இன்டர்லூக்கின்-1-ஐத் தனித்துச் சேர்த்தால் வளர்ப்புக் கலத்திலுள்ள குருத்தெலும்பு அக்ரிகனை விரைவில் இழக்கும். கொலாஜனையோ ஒழுங்காக இழப்பதில்லை. ஆன்கோஸ்டாட்டின்-எம் உடன் சேர்ந்தபோது கொலாஜனும் கரைந்தோடியதை இங்கிலாந்தின் காஸ்டன் குழுவினர் 1990-களில் காட்டினர். இன்டர்லூக்கின்-17 என்பதும் டி.என்.எஃபுடன் கூடும்போது இவ்வாறே அதன் வேகத்தை மிகுவிக்கிறது.

அக்ரிகன் போவதற்கும் கொலாஜன் போவதற்கும் உள்ள வேறுபாட்டை முயலின் காதுகள் நன்கு விளக்கும். 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ அறிஞர் லூயி தாமஸ், பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கப்படும் பப்பெய்ன் என்னும் என்ஸைமை முயல்களின் இரத்தத்தில் செலுத்தினார். இறைச்சி விரைவில் வேக நம் வீடுகளில் பப்பாளிக்காயைச் சேர்ப்பதும் இந்த என்ஸைமை நம்பியே. ஒரு நாளுக்குள் முயல்களின் நிமிர்ந்த காதுகள் நாய்க்குட்டியின் காதுபோல் தொங்கிவிட்டன. குருத்தெலும்பின் நீர்ப்பிடிப்புப் பொருள் கரைந்து போயிருந்தது. ஆனால் சில நாட்களில் காதுகள் தாமே நிமிர்ந்தன. கொலாஜன் சட்டம் நிலைத்திருந்தமையால் உயிரணுக்கள் இழந்த திணிப்பை மீண்டும் நிரப்பிக்கொண்டன. கார்ட்டிசோன் கொடுக்கப்பட்ட முயல்களில் இம்மீட்சி தடைப்பட்டது என்பதும் அப்போதே பதிவாயிற்று.

மனிதனின் மூட்டுக் குருத்தெலும்பிலும் அக்ரிகன் மட்டும் போயிருந்தால், உத்தரவு நின்றவுடன் மீட்சிக்கு இடமுண்டு. கொலாஜனின் நிலை அதுவன்று. வளர்ந்த மனிதனின் குருத்தெலும்பிலுள்ள கொலாஜன் இயல்பாகப் பாதியளவு புதுப்பிக்கப்பட நூறாண்டுகளுக்கு மேலாகும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அதாவது இளமையில் நெய்யப்பட்ட அச்சட்டமே வாழ்நாள் முழுமைக்கும் உரியது. அது வெட்டுண்டபின் அதே நெசவில் அதனை மீண்டும் நெய்யும் மருந்து எதுவும் இன்றளவும் இல்லை. நோய் தோன்றிய முதல் சில மாதங்களிலேயே மருத்துவம் தொடங்க வேண்டும் என்று வாத நோய் மருத்துவர்கள் வற்புறுத்துவதன் காரணம் இங்கேதான் உள்ளது.

நோயாளியிடத்தில் கண்ட பயன்

லண்டன் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் 1992-ஆம் ஆண்டில் டி.என்.எஃப். எதிர்ப்பொருள் 20 நோயாளிகளுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. தொடர்ந்து 73 நோயாளிகளிடத்தில் நடைபெற்ற ஒப்புச் சோதனையின் முடிவு 1994-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மருந்தில்லா ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 8 பேரும், உயர்ந்த அளவு மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 79 பேரும் நான்கு வாரத்தில் குறிப்பிட்ட அளவுக்குக் குணம் கண்டனர். ஒரு வாயைப் பொத்துவதால் பயனில்லை என்ற ஐயம் அத்துடன் நீங்கியது. 2000-ஆம் ஆண்டில் வெளியான பெரிய சோதனையொன்றில், மெதோட்ரெக்ஸேட் மட்டும் உண்டோரின் எக்ஸ்-ரே படங்களில் மூட்டுச் சேதம் வளர்ந்துகொண்டே சென்றது. எதிர்ப்பொருளும் சேர்ந்து பெற்றோரிடத்தில் அது ஏறக்குறைய நின்றது. வீக்கமும் வலியும் எதிர்பார்த்தவாறு குறையாதவர்களிடத்துங்கூடச் சேதம் தடைப்பட்டது என்பது, எலிகளில் கண்ட பிரிவினை மனிதரிடத்தும் உண்டென்பதற்குச் சான்று.

இன்டர்லூக்கின்-1-ஐத் தடுக்கும் மருந்து 2001-ஆம் ஆண்டில் வந்தது. எலிகளைக் கொண்டு கணித்தால் அதுவே குருத்தெலும்பின் காவலனாக விளங்கியிருத்தல் வேண்டும். முடக்குவாத நோயாளிகளிடத்தில் அது டி.என்.எஃப். தடுப்பிகளின் அளவுக்குப் பயன் தரவில்லை. எலி மனிதனல்லன் என்பதற்கு மேல் இதற்கு முழுமையான விளக்கம் கூறுவது கடினம். முதியோரின் மூட்டுத் தேய்வு நோயிலும் இச்செய்திப் புரதங்கள் சிறிதளவு காணப்படுகின்றன. எனினும் அந்நோயில் இவற்றைத் தடுத்துப் பார்த்த சோதனைகள் ஏமாற்றத்தையே அளித்தன. எனவே முழங்கால் வலியுள்ளோர் அனைவருக்கும் இம்மருந்துகள் உரியவை என்று எவரேனும் கூறுவாராயின் நம்ப வேண்டுவதில்லை. மாறாக, ஜப்பானில் கிஷிமோட்டோவின் ஆராய்ச்சி வழிவந்த இன்டர்லூக்கின்-6 தடுப்பு மருந்து முடக்குவாதத்தில் நன்கு பயன்படுகிறது. மேலே கூறிய இரண்டாம் தாழ்வாரத்தை உள்ளிருந்தே அடைக்கும் மாத்திரைகளும் 2012-ஆம் ஆண்டு முதல் பழக்கத்திற்கு வந்துள்ளன.

களத்தில் கவனிக்க வேண்டியவை

விலை மிகுந்த இவ்வூசிகள் தேவைப்படுவோர் சிலரே. பெரும்பாலோருக்கு முதல் மருந்து மெதோட்ரெக்ஸேட். ஆந்திர நாட்டில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பராவ் தலைமை வகித்த ஆராய்ச்சிக் குழுவே புற்றுநோய்க்கென இதனை உருவாக்கியது. முடக்குவாதத்திற்கு இது வாரத்தில் ஒரு நாள் மட்டும் சிறு அளவில் கொடுக்கப்படுகிறது. நாள்தோறும் உண்ணும் மாத்திரை என்று தவறாகக் கருதி உண்டு, எலும்பு மச்சை நலிந்து உயிரிழந்தோர் உண்டு. எனவே எந்தக் கிழமை என்பதை நோயாளியின் சீட்டில் தாய்மொழியில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். எழுத்தறியாதவராயின் வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளைக்கு அதனைச் சொல்லி வைக்கலாம். கருவுற்ற பெண்ணுக்கும் கருவுற எண்ணியுள்ள பெண்ணுக்கும் இம்மருந்து ஆகாது.

கைவிரல்களின் சிறு மூட்டுகள் இரு புறமும் ஆறு வாரங்களுக்கு மேல் வீங்கியிருத்தல், காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்திற்கு மேல் விரல்களை மடக்க இயலாதிருத்தல் ஆகிய குறிகள் கண்டவரை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் தகும். இவர்களுட் பலர் அதற்கு முன்பே கடையில் வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரைகளையோ, அது கலந்த பெயரில்லாப் பொடிகளையோ உண்டு வந்திருப்பர். வீக்கம் வடிவதால் நோய் நீங்கியதாக எண்ணுவர். என்ன உண்டார் என்பதைக் கேட்டறிந்து சீட்டில் குறித்தனுப்பினால் மருத்துவருக்கு அது பேருதவியாகும். திடீரென நிறுத்திவிடும்படி ஊழியர் தாமே கூறுதல் கூடாது. நெடுநாள் ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தானது.

டி.என்.எஃப். தடுப்பு ஊசி பெறுவோரிடத்தில் நம் நாட்டில் தனிக் கவனம் தேவை. மூட்டைக் கலைக்கும் அதே டி.என்.எஃப்.தான் நுரையீரலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமிகளைச் சுற்றி வெள்ளணுக்களின் அரணை நிலைநிறுத்தி வைத்திருக்கிறது. அதனைத் தடுத்தால் அரண் தளர்கிறது. 2001-ஆம் ஆண்டில் வெளியான அறிக்கையொன்று, இன்ஃப்ளிக்ஸிமாப் என்னும் ஊசி பெற்ற பின் காசநோய் கண்ட 70 பேரைப் பற்றிக் கூறியது. அவர்களுட் பெரும்பாலோருக்கு மூன்றே ஊசிகளுக்குள் நோய் வெளிப்பட்டது. பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரலுக்கு வெளியே நிணநீர்க் கணு முதலிய இடங்களில் தோன்றியது. அதனால் இருமல் இல்லை என்பதைக் கொண்டு அமைதியடைதல் ஆகாது. காய்ச்சல், எடைக் குறைவு, கழுத்துக் கட்டி ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும். ஊசி தொடங்குமுன் மார்பு எக்ஸ்-ரேயும் காசநோய்த் தோல் சோதனையோ இரத்தச் சோதனையோ செய்யப்படுகின்றன. வீட்டில் எவருக்கேனும் முன்பு காசநோய் இருந்ததா என்பதை ஆஸ்பத்திரியைவிட ஊரிலுள்ள ஊழியரே நன்கறிவார். உறங்கும் கிருமி இருப்பதாகச் சோதனையில் தெரியவந்தால், காசநோய்த் தடுப்பு மருந்து தொடங்கி ஒரு மாதமேனும் கழிந்த பின்னரே மூட்டுக்கான ஊசி போடப்படுகிறது. அத்தடுப்பு மருந்தை இடையில் விடாது முடிக்கச் செய்வது ஊழியரின் வருகைப் பதிவேட்டில் சேர்க்கப்பட வேண்டிய பணியாகும்.